ட்ராக் வேறு, சேனல் வேறு

[திரையில்: பினாங்கு லிட்டில் இந்தியா, மார்க்கெட் ஸ்ட்ரீட், பிறகு ஒரு கராவோக்கே விசிடி]

வணக்கம். இந்தத் தெருவில் வாங்கிய கராவோக்கே விசிடி (வீடியோ சிடி) இன்னும் உங்கள் வீட்டில் கிடக்கிறதா? ஒலியில் ட்ராக் எது, சேனல் எது என்ற இன்றைய விஷயத்தை அதை வைத்தே பார்த்துவிடலாம்.

1993-இல் வந்த விசிடியில் படத்தோடு ஓடுவது ஒரே ஒரு ஸ்டீரியோ ட்ராக், அதாவது ஒலித்தடம். அதற்குள் இடது, வலது என்று 2 சேனல். கராவோக்கே போட்டவர்கள் கெட்டிக்காரர்கள்: ஒரு சேனலில் பாடகர் குரலோடு இசை, மற்றதில் வெறும் இசை. ரிமோட்டில் 'எல்/ஆர்' பட்டனைத் தட்டினால் பாடகர் காணாமல் போவார், மைக் மாமா கைக்குப் போகும். ஹாங்காங் பட விசிடிகளிலும் இதே வேலைதான். ஒரு பக்கம் கண்டோனீஸ், மறு பக்கம் மாண்டரின்.

[திரையில்: விஎல்சி, ஆடியோ மெனு]

அதைக் கணினியில் ஏற்றி ஹெட்போனில் கேட்டால் ஒரு காதில்தான் பாடகர் இருப்பார். கோப்பு கெட்டுப்போகவில்லை. விஎல்சி ப்ளேயரின் ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ மோடுக்குப் போய் இடதையோ வலதையோ மட்டும் வையுங்கள். தயவுசெய்து மோனோவாக, அதாவது ஒரே சேனலாக மாற்றிச் சேமிக்காதீர்கள்! இரண்டும் கலந்துவிட்டால் வெறும் இசையை மீட்பது பெரும்பாடு.

இப்போதைய எம்கேவி, எம்பி4 வீடியோ கோப்புகளுக்கு இந்தக் குறுக்குவழி தேவையில்லை. தமிழுக்கு ஒரு ட்ராக், மலாய்க்கு ஒரு ட்ராக் என்று தனித்தனியே வைக்கலாம். ப்ளேயர் அவற்றில் ஒன்றைத்தான் ஒலிக்கும். சேனல்கள் அப்படியல்ல, எல்லாம் சேர்ந்தே ஒலிக்கும்.

5.1 ட்ராக் என்றால் 6 சேனல். வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில். இங்கேதான் வம்பு: வேவ் ஒலிக்கோப்பில் சேனல் வரிசை முன் இடது, முன் வலது, நடு, சப்வூஃபர் (அடித்தொனி ஸ்பீக்கர்), பிறகு பின் இரண்டும். ஏஏசி என்ற இன்னொரு ஒலி வடிவத்திலோ நடுதான் முதல். வரிசையை மாற்றாமல் ஏஏசியிலிருந்து வேவுக்கு அப்படியே கொட்டினால், கதாநாயகன் இடது ஸ்பீக்கருக்குள் உட்கார்ந்து பேசுவார். பின்பக்கச் சத்தம் சப்வூஃபரில் போய் விழும்.

[திரையில்: எஃப்எஃப்எம்பெக்]

இன்னொன்று. எஃப்எஃப்எம்பெக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் கோப்பை மாற்றும்போது எதுவும் சொல்லாவிட்டால் அது ஒரே ஒரு ஒலி ட்ராக்கைத்தான் எடுக்கும், பெரும்பாலும் சேனல் அதிகம் உள்ளதை. மலாய் 5.1, தமிழ் ஸ்டீரியோ என்று இருந்தால் தமிழ் போய்விடும். 'மேப்' என்ற கட்டளையைப் போட்டு, படத்தோடு எல்லா ஒலி ட்ராக்கையும் எடுக்கச் சொல்லுங்கள். புதுக் கோப்பைத் திறந்து தமிழ் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.