பிரெஞ்சுத் திரையின் இளம் முகங்கள்

(திரைப்பட ரசனை முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

உலக சினிமாவில் இளம் நடிகர்கள் என்று பேச்செடுத்தால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஹாலிவுட் பெயர்கள்தான். எனக்கு அவர்கள்மேல் வெறுப்பு எதுவும் கிடையாது. ஆனாலும் பிரெஞ்சுப் படங்களில் நடித்திருக்கிற பதினான்கு, பதினாறு, இருபது வயதுப் பிள்ளைகளைத்தான் நான் ஒரு படி மேலே வைப்பேன். அமெரிக்கத் திரை ஓர் இளைஞனிடம் தேர்ச்சியைக் கேட்கிறது. பிரெஞ்சுத் திரை அவனுடைய வயதைக் கேட்கிறது. அந்த வயதின் தடுமாற்றத்தையும் பிடிவாதத்தையும், பதில் தெரியாமல் விழிப்பதையும் சேர்த்தே கேட்கிறது. இதைத்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

1959இல் வந்த 'தி 400 ப்ளோஸ்' படத்தை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். சீர்திருத்தக் காப்பகத்தில் அடைக்கப்பட்ட பையனை ஓர் உளவியலாளர் விசாரிக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கேள்வி கேட்கிற பெண்ணை நாம் பார்ப்பதே இல்லை, குரல் மட்டும் வருகிறது. கேமரா பையனை விட்டு நகர்வதில்லை. ழான்-பியேர் லெயோ என்ற அந்தப் பையன் மேஜைமேல் விரல்களை அலையவிடுகிறான், தோளைக் குலுக்குகிறான், ஒரு கேள்விக்கு வெட்கம் கலந்து சிரிக்கிறான். 'நீ பொய் சொல்வாயாமே' என்று கேட்டால், உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை, அதனால் பொய்யே மேல் என்கிற மாதிரி ஒரு பதில் சொல்கிறான்.

அந்தக் காட்சிக்கு மனப்பாட வசனம் கிடையாது. இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ தானே எதிரில் உட்கார்ந்து கேள்விகளைக் கேட்டார், பையன் தன் சொந்த வார்த்தைகளில் பதில் சொன்னான். பெண் குரல் பிறகு சேர்க்கப்பட்டது. யோசிப்பதற்கு அவன் எடுத்துக்கொள்கிற நேரம் அப்படியே திரையில் இருக்கிறது. பதினான்கு வயதில் நாம் ஒவ்வொருவரும் ஒரு பெரியவர் முன்னால் இப்படித்தானே நின்றோம்? கொஞ்சம் பயம், கொஞ்சம் திமிர், சீக்கிரம் விட்டுவிட மாட்டார்களா என்ற ஏக்கம். இதை எந்த நடிப்புப் பள்ளியும் சொல்லித்தர முடியாது. கூடவே இருந்து கவனிக்க ஓர் இயக்குநர் வேண்டும்.

சரி, அது பழைய கதை என்று சொல்வீர்கள். 2024க்கு வாருங்கள். 'சுலைமானின் கதை' என்ற படம். பாரிஸ் தெருக்களில் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிற கினி நாட்டு இளைஞன், புகலிடம் கேட்டு விசாரணை அதிகாரிமுன் உட்காரப் போகிறான். அதற்கு முந்தைய இரண்டு நாட்கள்தான் படம். சுலைமானாக நடித்த அபு சங்காரே அதற்குமுன் நடித்ததே இல்லை. கினியிலிருந்து சிறுவயதிலேயே கிளம்பிவந்து அமியான் நகரில் மெக்கானிக் வேலை கற்றவர். படப்பிடிப்பு நடந்தபோது அவருக்கே பிரான்சில் தங்குவதற்கான அனுமதி இல்லை. கடைசியில் வரும் நீண்ட விசாரணைக் காட்சியில் சுலைமான் பொய்க்கதையை விட்டுவிட்டுத் தன் உண்மையைச் சொல்லத் தொடங்குகிறான். அந்த உண்மையில் சங்காரேயின் சொந்த வாழ்க்கையும் கலந்திருக்கிறது. கேன்ஸ் விழாவின் 'அன் செர்டைன் ரிகார்ட்' பிரிவில் சிறந்த நடிகர், பிறகு ஐரோப்பியத் திரைப்பட விருது, 2025இல் வளரும் நடிகருக்கான சேஸார் (பிரான்சின் தேசியத் திரைப்பட விருது) என்று வரிசையாக வந்தன. தங்கும் அனுமதி கிடைத்தது 2025 ஜனவரியில்தான். இந்த நடிப்பை அழகாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குரல் உடைகிற இடத்தில் நாமும் உடைகிறோம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இப்போது அமெரிக்கா. லெயோ பிறந்தது 1944 மே மாதம். அதே 1944இல், பிப்ரவரியில், ஸ்டாக்கர்ட் சானிங் என்ற அமெரிக்க நடிகை பிறந்தார். 1978இல் வெளியான 'கிரீஸ்' படத்தில் அவருக்குப் பள்ளி மாணவி வேடம். படமெடுத்தபோது வயது முப்பத்து மூன்று. ஏறக்குறைய அதே சமயத்தில் லெயோ என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? பதினான்கு வயதில் ஏற்ற அதே ஆந்துவான் துவானேல் பாத்திரத்தில், மனைவியிடமிருந்து விவாகரத்து வாங்குகிற, ஒரு குழந்தைக்குத் தகப்பனான ஆளாக நடித்துக்கொண்டிருந்தார். 1979இல் அந்தப் படம் வந்தது. இருபது வருடம் ஒரு பாத்திரமும் ஒரு நடிகனும் சேர்ந்தே வயதாகியிருக்கிறார்கள்.

சானிங் நல்ல நடிகை, அவரைக் குறை சொல்லவில்லை. அது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் கலிபோர்னியாவில் வேலைநேரத்துக்கு வரம்பு உண்டு, படப்பிடிப்புத் தளத்தில் பாடம் சொல்லித்தர ஆசிரியரும் இருக்க வேண்டும். தயாரிப்பாளருக்கு இருபத்தைந்து வயதுக்காரரே வசதி. பிள்ளைகளைக் காக்க வந்த நல்ல சட்டம்தான், ஆனால் நாம் பார்க்கிற பள்ளி மாணவர்கள் எல்லோரும் பளபளவென்று, எந்தக் கேள்விக்கும் டக்கென்று பதில் சொல்கிறவர்களாக இருக்கிறார்கள். தொலைக்காட்சித் தொடரில் சிறுவயதிலேயே பழகிய பிள்ளைகளிடம் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். சிரிப்பொலி எங்கே வரும் என்று தெரிந்து, அதற்கு இடம்விட்டுப் பேசுவார்கள்.

அந்தச் சட்டங்களைக் குறைத்துப் பேசக்கூடாது. 1921இல் சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்து உலகத்தையே அழவைத்த ஜாக்கி கூகன், வளர்ந்தபின் தன் சம்பாத்தியம் கரைந்துபோனதைக் கண்டு 1938இல் தாய்மீதும் வளர்ப்புத் தந்தைமீதும் வழக்குப் போட வேண்டியிருந்தது. அதன் விளைவாக 1939இல் கலிபோர்னியாவில் அவர் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. இன்று அந்தச் சட்டப்படி குழந்தையின் வருமானத்தில் 15 சதவீதத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். பிரான்சில் பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை நடிக்க வைக்க அரசு அனுமதி வேண்டும். சம்பளத்தில் பெற்றோர் கைக்கு எவ்வளவு போகலாம் என்பதையும் ஒரு குழுவே தீர்மானிக்கும். மீதி, பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்வரை பொது வைப்பு நிதியில் இருக்கும்.

சரி, நடிப்புக்கு வருவோம். என் மனதுக்கு மிக நெருக்கமானவர் சான்ட்ரின் போனேர். தொழிலாளி வீட்டுப் பெண், பதினொரு பிள்ளைகளில் ஏழாவது. கூட்டத்தில் ஒருத்தியாக நின்றதைத் தவிர வேறு திரை அனுபவம் இல்லை. பதினைந்து வயதில் மொரிஸ் பியாலா அவரைக் கதாநாயகியாக்கி 'ஆ நோ அமூர்' எடுத்தார், 1983இல் வெளியானது. தந்தை வேடத்தில் பியாலாவே நடித்தார். இரவில் வீடு திரும்பும் மகளோடு தந்தை உட்கார்ந்து பேசுகிற ஒரு காட்சி வருகிறது. 'உன் கன்னத்தில் இரண்டு குழி விழுமே, ஒன்றைக் காணோமே' என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள். சிரிப்பதா, கூச்சப்படுவதா, கோபப்படுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து போகின்றன.

அதே படத்தில் பிற்பகுதியில் ஒரு குடும்ப விருந்து. வீட்டைவிட்டுப் போன தந்தை திடீரென்று உள்ளே வருகிறார். பியாலா அப்படி வரப்போகிறார் என்று மற்ற நடிகர்களுக்குச் சொல்லவில்லை என்பார்கள். அவர் ஒவ்வொருவரையும் வார்த்தையால் குத்தக் குத்த, மேஜையைச் சுற்றி இருக்கிறவர்களின் முகங்கள் மாறுவதைப் பார்த்தாலே அது புரியும். பியாலாவோடு வேலை செய்வது சுலபமல்ல, முரட்டு மனிதர். ஆனால் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை ஆண்களின் கண்ணுக்கான பொம்மையாகவோ பாடம் சொல்வதற்கான உதாரணமாகவோ அவர் ஆக்கவில்லை. போனேருக்கு வளரும் நடிகைக்கான சேஸார் கிடைத்தது. இரண்டே வருடத்தில், 1986இல், ஆன்யெஸ் வர்தாவின் படத்தில் வீடற்று அலையும் பெண்ணாக நடித்ததற்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தது. அப்போது வயது பதினெட்டு. நகத்தில் அழுக்கு, தலையில் சிக்கு, யாரிடமும் நன்றி சொல்லாத ஒரு பெண். பார்வையாளர் தன்னை விரும்ப வேண்டும் என்ற கவலையே இல்லாமல் நடித்தார்.

இதெல்லாம் ஏதோ பிரெஞ்சு ரத்தத்தில் ஊறியது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரே ஒரு ஆள் போதும்: கிறிஸ்டன் ஸ்டூவர்ட். 'ட்விலைட்' வரிசையில் நடித்தபோது அவருக்கு முகபாவமே வராது என்று உலகமே கேலி செய்தது. அதே பெண் ஒலிவியே அசாயாஸ் என்ற பிரெஞ்சு இயக்குநரின் 'க்ளவுட்ஸ் ஆஃப் சில்ஸ் மரியா'வில் ஜூலியட் பினோஷுக்கு எதிரே நின்று, ஓர் உதவியாளராக, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு நடித்தார். அதற்காக 2015இல் சேஸார் வாங்கினார்; கௌரவ விருதுகளை விட்டுவிட்டால், சேஸார் வாங்கிய முதல் அமெரிக்க நடிகை அவர்தான். முகம் அதே முகம், ஆனால் அசாயாஸ் அதனிடம் கேட்டது வேறு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஐம்பதுகளில் அமெரிக்க இளம் நடிகர் ஜேம்ஸ் டீனைக் கொண்டாடி எழுதியவர் இதே த்ரூஃபோ. இந்தத் தடுமாற்றத்தின் அழகை அமெரிக்காவும் ஒரு காலத்தில் அறிந்திருந்தது. இன்றைய பெரிய ஸ்டூடியோவோ பல பாகங்களுக்கு ஒரே ஒப்பந்தம் போட்டு ஓர் இளைஞனை ஒரே முகபாவத்தில் கட்டிவைக்கிறது.

பிரான்சில் புதுமுகத்தை நம்பிப் படமெடுக்க எப்படித் துணிகிறார்கள் என்று கேட்கலாம். பணம் ஒரு பெரிய காரணம். அங்கே விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் வரியாக எடுக்கப்பட்டுத் தேசியத் திரைப்பட மையத்துக்குப் போகிறது. ஹாலிவுட் படத்தின் டிக்கெட்டுக்கும் அதே வரிதான். வரப்போகும் வசூலை எதிர்பார்த்து அந்த மையம் முன்பணமாகக் கொடுக்கும் நிதியில் முதல் படம் எடுப்பவர்களுக்கென்றே தனித் தேர்வுக்குழு இருக்கிறது. நட்சத்திரம் இருந்தால்தான் பணம் என்ற நெருக்கடி குறையும்போது, ஓர் இயக்குநர் தெருவில் பார்த்த முகத்தோடு மாதக்கணக்கில் உட்கார முடிகிறது.

லொரான் கான்தே அப்படித்தான் செய்தார். பாரிசின் இருபதாவது வட்டாரத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில், ஒரு கல்வியாண்டு முழுக்க, புதன்கிழமை மதியங்களில் மாணவர்களோடு பட்டறை நடத்தினார். விருப்பப்பட்ட யார் வேண்டுமானாலும் வரலாம். கடைசிவரை நின்றவர்கள்தான் 'தி கிளாஸ்' படத்தின் வகுப்பு. மூன்று கேமராக்கள் ஓடின: ஒன்று ஆசிரியர்மீது, ஒன்று பேசுகிற மாணவர்மீது, மூன்றாவது எதிர்பாராமல் நடப்பதற்காகவே. ஒரு பெண் வாதாடும்போது பின்பெஞ்சில் ஒருவன் கொட்டாவி விடுவதுகூடத் தப்பாது. 2008இல் அந்தப் படத்துக்குக் கேன்ஸ் விழாவின் உயரிய விருதான தங்கப்பனை கிடைத்தபோது பிள்ளைகள் எல்லோரும் மேடையேறினார்கள். விருதைத் தந்த நடுவர் குழுவின் தலைவர் அமெரிக்க நடிகர் ஷான் பென்.

நம் பிள்ளை ஒருத்தியும் இந்த வரிசையில் இருக்கிறாள். ஜாக் ஓதியார் இயக்கி 2015இல் தங்கப்பனை வென்ற 'தீபன்' படத்தில், ஷோபாசக்தியோடும் காளீஸ்வரி ஸ்ரீனிவாசனோடும் நடித்த க்ளாடின் வினாசித்தம்பி. பெரியவர்களுக்கு முன்பே பிரெஞ்சு கற்றுக்கொண்டு அவர்களுக்கே மொழிபெயர்ப்பாளராகிவிடும் சிறுமி. அந்தச் சிறுமியின் முகத்தில் இருக்கும் பொறுப்பைப் புலம்பெயர்ந்த வீடுகளில் வளர்ந்த யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை மறைத்தால் நான் உங்களுக்கு நேர்மையாக இருக்க மாட்டேன். பிள்ளையின் உண்மையான வயதைக் கேட்கிற இந்தச் சினிமாவில், அந்த வயதைச் சுரண்டியவர்களும் இருந்திருக்கிறார்கள். கலை என்ற பெயரில் கேள்வி கேட்காமல் விட்டார்கள். அதேல் எனெல் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் நடிக்க வந்தவர். அந்த வயதில் தனக்கு நடந்த பாலியல் அத்துமீறலை 2019இல் வெளியே சொன்னார். பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு இந்தத் துறையில் நடக்கும் வன்முறைகளை ஆராய்ந்து 2025 ஏப்ரலில் அறிக்கை கொடுத்திருக்கிறது. அதன் பரிந்துரைகள் முழுவதும் நடைமுறைக்கு வர வேண்டும். ஒரு பிள்ளையின் தடுமாற்றத்தைப் படம்பிடிக்க விரும்புகிறவர், அந்தத் தடுமாற்றத்தைக் காக்கவும் கடமைப்பட்டவர்.

எனெல் 2014இலும் 2015இலும் அடுத்தடுத்து சேஸார் வாங்கியவர். முதலாவது துணை நடிகைக்கு, இரண்டாவது சிறந்த நடிகைக்கு. 'லே கொம்பத்தாந்' படத்தில் ராணுவப் பயிற்சிக்குத் தயாராகும் முரட்டுப் பெண்ணாக வருவார், இன்று மாலை அதைத்தான் திரையிடுகிறோம். 2023இல் அவர் சினிமாவை விட்டு விலகுவதாக அறிவித்தார். இப்போது நாடக மேடையில் நடிக்கிறார். முப்பத்து நான்கு வயதில் அப்படிப்பட்ட ஒரு நடிகையைத் திரையிலிருந்து போகவிட்டது பிரெஞ்சு சினிமாவின் தோல்வி என்றே நான் சொல்வேன்.