ஐந்து மணிக்கு வந்தவருக்கும் ஒரு பணம்

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் டீக்கடையோரம் கூலி ஆட்கள் கூடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடல் வலுவுள்ளவரை முதலில் அழைத்துப் போய்விடுவார்கள். வெயில் ஏறிய பிறகும் அங்கேயே நிற்பவரின் முகம் நினைவிருக்கிறதா? இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதையில் அவர் இருக்கிறார். மத்தேயு நற்செய்தி, 20ஆம் அதிகாரம். 1714-இல் நம் தரங்கம்பாடியில் நற்செய்திகள் தமிழில் அச்சேறின. அன்று தொடங்கி இந்த மண்ணில் வாசிக்கப்படும் கதை இது.

தோட்டத்துக்காரர் விடியலில் ஒரு பணம் கூலி பேசி ஆள் எடுக்கிறார். பிறகு ஒன்பது, பன்னிரண்டு, மூன்று மணிக்கும் எடுக்கிறார். மாலை ஐந்துக்குப் போனாலும் சிலர் நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டால், “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை” என்கிறார்கள். சோம்பல் இல்லை, நேயர்களே. அழைப்பார் இல்லை, அவ்வளவுதான்.

பொழுது சாய்ந்ததும் அவர்களுக்கும் அதே ஒரு பணம். அதுவும், கடைசியில் வந்தவருக்கு முதலில்! முதலில் வந்தவருக்கு முதலில் கொடுத்திருந்தால், அவர் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பார். பார்க்கட்டும் என்றே நிற்க வைத்தார் என்று நினைக்கிறேன். பார்த்தவர்கள், நாள் முழுக்க வெயிலில் உழைத்த எங்களுக்கும் அதே கூலிதானா என்று முறுமுறுத்தார்கள்.

என் அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். ஒரு சம்பா அறுவடையில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மதியத்துக்கு மேல் வந்த ஒருத்திக்கும் களத்தில் முழுக்கூலி நெல் அளந்தார்கள். வரப்பு முழுவதும் அம்மா பொருமிக்கொண்டே வந்தார். வெகுகாலம் கழித்து இந்தக் கதையை வாசித்துக் காட்டினேன். “காலையில் வந்தவர்கள் கேட்டது நியாயம்தானே?” என்றார். நியாயம்தான். பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை என்பதும் நியாயம்தான். கொஞ்ச நேரம் கழித்து, “அன்று அவள் வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை” என்றார் அம்மா. அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?” என்று தோட்டத்துக்காரர் கேட்கிறார். கடவுளின் கொடை பிறருக்குப் போகும்போது நமக்கு எரிகிறதே, அந்த இடத்தைத்தான் தொடுகிறார். திட்டவில்லை, “சிநேகிதனே” என்று அழைத்தே பேசுகிறார்.

மலைமேல் இயேசு போதித்த மலைப்பொழிவைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும், கடைமடைக்குத் தண்ணீர் வர எத்தனை நாள் காத்திருக்கிறோம்! நல்லவர் வயலிலும் தீயவர் வயலிலும் பிதா பெய்யச் செய்கிறார் என்று இயேசு அதில் சொன்ன அந்த மழைக்கு முறை இல்லை, மதகு இல்லை. தலைமடையில் விழும் நேரத்திலேயே கடைமடையிலும் விழுகிறது.

வணக்கம்.