நீல ஒளிக்குக் கிடைத்த நோபல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் நோபல் பரிசுகள் அறிவிக்கப்படும்போது, இயற்பியல் நமக்கு எட்டாதது என்று எண்ணி அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். 2014ஆம் ஆண்டின் பரிசை அப்படிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. நீல எல்.இ.டி. விளக்கை உருவாக்கிய இசாமு அக்காசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாக்கமுரா ஆகிய மூவருக்கு அது வழங்கப்பட்டது.

சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை நிக் ஹோலோன்யாக் 1962இலேயே செய்து காட்டினார். பச்சையும் தொடர்ந்து வந்தது. நீலம் மட்டும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கைக்கு அகப்படவில்லை. நீலம் இல்லாமல் இன்று நம் வீடுகளில் எரியும் வெள்ளை எல்.இ.டி.யும் இல்லை. காலியம் நைட்ரைடு அதற்கு ஏற்ற பொருள் என்று தெரிந்திருந்தும், அதைப் பிசிறில்லாத படிகமாக வளர்க்க முடியாமல் பலர் கைவிட்டனர். நகோயா பல்கலைக்கழகத்தில் அக்காசாகியும் அவருடைய மாணவர் அமானோவும் விடவில்லை. நீலக்கல் தகட்டின்மேல் அலுமினியம் நைட்ரைடை மெல்லிய படலமாகப் படியவைத்து, அதன்மேல் படிகத்தை வளர்த்து 1986இல் வெற்றி கண்டார்கள். பிறகு ஒரு நாள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த படிகம் வழக்கத்தைவிடப் பிரகாசமாக ஒளிர்ந்தது. ஒளி பிறக்க எல்.இ.டி.யில் நேர்மின் தன்மையுள்ள அடுக்கும் வேண்டும்; அதைச் செய்ய முடியாததே அடுத்த தடை. எதிர்பாராத அந்த ஒளிர்வே அதை உடைக்கும் வழியைக் காட்டியது. தொழில் நிறுவனமொன்றில் பணியாற்றிய நாக்கமுரா, சூடேற்றினாலே அதே பலன் கிடைக்கும் என்று நிறுவினார்.

ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது என்பது நோபல் விதி. ஹோலோன்யாக்கின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாதது எனக்கு இன்றும் வருத்தமே.

பினாங்கில் இதைப் பேசும்போது பாயான் லெப்பாஸை நினைக்காமல் இருக்க முடியாது. 1972இல் அங்கே தொழிற்பேட்டை தொடங்கியபின், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மின்னணு ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். என் அக்காவும் எல்.இ.டி. பொருத்தும் ஆலையொன்றில் இருந்தார். உப்புக்கல்லைவிடச் சிறிய சில்லின்மேல், தலைமுடியைவிட மெல்லிய ஒரே ஒரு தங்கக் கம்பியை நுண்ணோக்கி வழியே பார்த்து இணைப்பதுதான் அவர் வேலை. இரவு ஷிப்டு முடிந்து ஆலைப் பேருந்திலிருந்து இறங்கியதும், வாசல் திண்ணையில் அமர்ந்து இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களைப் பொத்திக்கொள்வார்.

பரிசுச் செய்தியை அவரிடம் சொன்னபோது, நீலத்துக்கும் ஒரே கம்பிதானா என்று கேட்டார். நீலக்கல் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் அந்தச் சில்லுக்கு மேற்புறத்திலேயே இரண்டு கம்பிகள் வேண்டும் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் அந்தப் பிள்ளைகளுக்குக் கண் இன்னும் வலித்திருக்குமே” என்றார்.