தூர்தர்ஷன் வருகிறது, கிரிக்கெட் மட்டும் ஏன் வருவதில்லை?

[திரை: கேபிள் இணைப்புள்ள வீடு. ரிமோட்டுடன் ஒரு பெரியவர்.]

இந்திய அணி ஒருநாள் போட்டி ஆடிக்கொண்டிருக்கிறது. தனியார் விளையாட்டுச் சேனலுக்குச் சந்தா கட்டாத வீடு இது. "அரசாங்கச் சேனலில் வராமலா போய்விடும்?" என்று டிடி ஸ்போர்ட்ஸுக்குத் தாவுகிறார் பெரியவர். அங்கே என்றோ நடந்து முடிந்த வேறு ஏதோ ஓர் ஆட்டம் ஓடுகிறது. அதே நேரத்தில், மாடியில் தூர்தர்ஷனின் இலவச டிடிஹெச் (வீட்டு டிஷ் ஆன்டெனாவுக்கு நேராக வரும் செயற்கைக்கோள் ஒளிபரப்பு) சேவையான ஃப்ரீ டிஷ் வைத்திருக்கும் வீட்டில் தூர்தர்ஷனே இந்தப் போட்டியை நேரலையாகக் காட்டுகிறது.

பெரியவர் தூர்தர்ஷனைத் திட்டுகிறார். நாம் எல்லோரும் திட்டியிருக்கிறோம். ஓவரின் கடைசிப் பந்தை விளம்பரத்துக்குப் பலி கொடுத்த காலத்திலிருந்தே அது நமக்குப் பழக்கம். ஆனால் இந்த விஷயத்தில் குற்றவாளி வேறு.

[திரை: 1993, கொல்கத்தா, ஈடன் கார்டன்ஸ்.]

கொஞ்சம் பின்னால் போவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிலைமை தலைகீழ். போட்டியைக் காட்ட வேண்டுமானால் கிரிக்கெட் வாரியம்தான் பணம் தர வேண்டும் என்றது தூர்தர்ஷன். வேறு சேனல் ஏது? 1993 ஹீரோ கோப்பைக்கு வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995 பிப்ரவரியில் தீர்ப்பு: அலைக்கற்றை பொதுமக்களின் சொத்து, அதில் அரசு ஏகபோகம் கொண்டாட முடியாது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் அதன்பின் கிரிக்கெட் ஏலப் பொருளானது. ஏலத்தில் தூர்தர்ஷனின் கை நீளவில்லை. 2004-இல் இந்திய அணி பாகிஸ்தான் சென்றபோது உரிமை டென் ஸ்போர்ட்ஸிடம் இருந்தது. தூர்தர்ஷனில் அந்தத் தொடர் வருவதற்கே உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

தொடருக்குத் தொடர் நீதிமன்றம் ஏற முடியாதல்லவா? அதனால் 2007-இல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவிக்கும் போட்டிகளின் சிக்னலை, உரிமை வாங்கிய நிறுவனம் தன் விளம்பரங்களை நீக்கிவிட்டு, தூர்தர்ஷனை நடத்தும் அமைப்பான பிரசார் பாரதிக்குத் தந்தாக வேண்டும். தூர்தர்ஷன் விளம்பரம் போட்டுச் சம்பாதிப்பதில் குறைந்தது 75 விழுக்காடு அந்த நிறுவனத்துக்கே. இந்தியா ஆடும் ஒருநாள் போட்டிகள், ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு எல்லாம் பட்டியலில் உண்டு. ஐபிஎல் கிடையாது.

[திரை: மூன்று கோடுகள் — தரைவழி ஆன்டெனா, ஃப்ரீ டிஷ், கேபிள். மூன்றாவது சிவப்பாகிறது.]

சிக்கல் இங்கேதான். அந்தச் சிக்னலைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் டிடிஹெச் சேவையிலும் காட்டலாம் என்றது சட்டம். அப்படிக் காட்டலாம் என்று சொன்ன வழிகளில் கேபிள் இல்லை. ஆனால் கேபிள் நிறுவனங்கள் தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் தர வேண்டும் என்று இன்னொரு சட்டம் சொல்கிறது. இரண்டும் சேர்ந்ததில் போட்டி கேபிள் வீடுகளுக்கும் இலவசமாகப் போய்ச் சேர்ந்தது. கோடிகளைக் கொட்டியவர்கள் சும்மா இருப்பார்களா? வழக்குப் போட்டார்கள். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது: பகிர்ந்த சிக்னல் தூர்தர்ஷனின் சொந்த வழிகளில் மட்டுமே போகலாம், கேபிளுக்கும் தனியார் டிடிஹெச்சுக்கும் போகக் கூடாது.

சட்டத்தின் வரிகளைப் படித்தால் தீர்ப்பில் தவறு காண்பது கடினம். ஓட்டை சட்டத்திலேயே இருந்தது. அதை அடைக்க 2018-இல் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்தும் கேட்டது. வரைவு வரைவாகவே நின்றுவிட்டது. இதற்கிடையே மொட்டை மாடி ஆன்டெனாவுக்கு வந்த அனலாக் ஒளிபரப்பையும் தூர்தர்ஷன் ஏறக்குறைய முழுவதுமாக மூடிவிட்டது. ஆக, பெரும்பாலான ஊர்களில் மிஞ்சியிருப்பது ஃப்ரீ டிஷ் மட்டும்.

"அப்படியானால் அதையே வாங்கிவிடலாமே" என்கிறீர்களா? மாதக் கட்டணம் இல்லை, உண்மைதான். வட மாநிலங்களில் அது பரவியதற்குக் காரணம் அதில் குவிந்திருக்கும் இந்திச் சேனல்கள். நம் வீட்டில் இரவு எட்டு மணிக்கு ஓடும் தமிழ்ச் சேனல்களை அதில் தேடினால் ஏமாற்றம்தான். ஒரு கிரிக்கெட்டுக்காக மொத்த வீட்டின் தொடர்களையும் துறக்க யார் சம்மதிப்பார்கள்? ஆகவே தமிழ்நாடு கேபிளோடு நிற்கிறது, பெரியவர் பழைய ஆட்டத்தோடு நிற்கிறார்.

[திரை: சென்னை, நேரு விளையாட்டரங்கம்.]

இதுவரை தூர்தர்ஷனுக்காக வாதாடினேன். இனி என் புகார். 2024 ஜனவரி 19 அன்று சென்னையில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளைப் பிரதமர் தொடங்கிவைத்தார். அதே மேடையில் பொதிகை புதுப்பொலிவுடன் 'டிடி தமிழ்' ஆனது. விளையாட்டும் தமிழ்ச் சேனலும் ஒரே மேடையில்! வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஆசை வராதா? கிரிக்கெட் கைவிட்டுப் போனது சரி. மாவட்டக் கபடிக்கும் பள்ளி மாணவிகளின் கால்பந்துக்கும் எந்த நிறுவனமும் ஏலத்தில் முந்திக்கொண்டு நிற்கவில்லை. அவற்றைத் தமிழ் வர்ணனையோடு கேபிளில் காட்டுவதற்கு 2017 தீர்ப்பில் ஒரு வரிகூடத் தடையாக இல்லை.