விமானம் அரசுடையது, ஆளைத் தெரிந்தது யாருக்கு?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்கப் படைக்கு வேலை பார்த்துவிட்டுக் காபூலில் சிக்கிய ஆப்கான் மொழிபெயர்ப்பாளர்களைக் கரைசேர்த்ததில் பெரும்பங்கு அமெரிக்க அரசுக்கா, தன்னார்வலர்களுக்கா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஆடிவிட்டுப் போனார். 2021 ஆகஸ்டில் அமெரிக்கப் படை வெளியேறியபோது ஏறக்குறைய 1,24,000 பேர் விமானம் ஏறினார்களாம், தன்னார்வலரிடம் விமானம் இருந்ததா என்று கேட்டார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எத்தனை பேர் ஏறினார்கள் என்பதா நம் வழக்கு? ஏற வேண்டியவர் ஏறினாரா என்பதுதான். விமானங்கள் நின்ற ஓரிரு நாளிலேயே, விசாவுக்கு விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் பின்தங்கிவிட்டார்கள் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் மூத்த அதிகாரி ஒருவரே ஒப்புக்கொண்டார். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார்!

சட்டம் இல்லையா? இருந்தது. 2009-லேயே இவர்களுக்கென்று சிறப்புக் குடியேற்ற விசா வந்துவிட்டது. 9 மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் 14 கட்டங்கள், ஆண்டுக்கணக்கில் இழுவை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை.

எங்கே சிக்கும் தெரியுமா? முதல் இரண்டு காகிதத்திலேயே. ஒன்று, வேலை பார்த்ததற்கு நிறுவனம் தரும் சான்று. வேலைக்கு எடுத்ததோ ஒப்பந்த நிறுவனம், சில சமயம் அதற்கும் கீழே ஒரு துணை ஒப்பந்தக்காரர். 2011-இல் கடையை மூடிப் போனவரிடம் 2021-இல் எப்படிக் கடிதம் வாங்குவது? இரண்டாவது, அமெரிக்கக் குடிமகனான மேலதிகாரியின் பரிந்துரை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன வேலை, இப்போது என்ன ஆபத்து என்று அதில் இருக்க வேண்டும், அவருடைய தொடர்பு விவரமும் வேண்டும். அந்த மேலதிகாரியோ ஓய்வு பெற்றுவிட்டார், ராணுவ மின்னஞ்சல் செத்துவிட்டது. மொழிபெயர்ப்பாளரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் முகாமில் வைத்த ‘மைக்’ என்ற செல்லப்பெயர்தான். படைப்பிரிவின் பழைய முகநூல் குழுவில் படத்தைப் போட்டு, ‘இவரோடு இருந்தவர் யார்?’ என்று தேடிப்பிடித்தது எந்தத் துறை? தன்னார்வலர்கள்தான் ஐயா!

பெயர் இன்னொரு தலைவலி. ஆப்கான் மொழிகளான தாரியிலும் பஷ்டுவிலும் எழுதும் பெயருக்கு ஆங்கில எழுத்தில் ஒரே வடிவம் கிடையாது. பலருக்குப் பெயரே ஒற்றைச் சொல். ஆப்கான் நாட்காட்டியிலிருந்து பிறந்த தேதியை மாற்றும்போது நாளும் மாதமும் நழுவும். தஸ்கிரா என்னும் அடையாள அட்டையில் ஒன்று, பணிச்சான்றில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று என்றால் கோப்பு அங்கேயே படுத்துக்கொள்ளும். மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, அனுப்பும் முன்பே திருத்துவது பொறுமையான வேலை. கைதட்டல் கிடைக்காத வேலையும்கூட.

இனி விமான நிலைய வாசலுக்கு வாருங்கள். தூதரகம் மின்னஞ்சலில் ஓர் அனுமதிச் சீட்டு அனுப்பியது. அதில் பெயர் இல்லை. ஒருவர் படமெடுத்து அனுப்ப, ஊரே கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றது. பிறகு காவலில் நின்ற சிப்பாய் எதை நம்புவான்? தன்னார்வலர்கள் தலைகீழாகச் செய்தார்கள். உள்ளே நிற்கும் சிப்பாயின் எண்ணை முதலில் பிடித்து, இன்னார் இத்தனை பேரோடு வருகிறார் என்று படத்தோடு சொல்லிவிட்டு, அப்புறம்தான் ஆளை நகர்த்தினார்கள். ‘பைனாப்பிள்’ என்ற தன்னார்வலர் குழுவினர் கைப்பேசித் திரையில் காட்டச் சொன்னது இளஞ்சிவப்புப் பின்னணியில் மஞ்சள் அன்னாசிப்பழம். விமான நிலையத்தின் அபே வாசல் ஓரத்துச் சாக்கடைக் கால்வாயில் நின்றபடி அதைத் தூக்கிக் காட்ட வேண்டும். அது சீட்டு அல்ல, அடையாளம். முன்பே சொல்லி வைத்த ஆளிடம்தான் செல்லும். ஆகஸ்ட் 26 அன்று அதே வாசலில் குண்டு வெடித்து 13 அமெரிக்கப் படையினரும் ஏறத்தாழ 170 ஆப்கானியரும் இறந்தபின் அந்த வழியும் அடைபட்டது.

தன்னார்வலர்கள் தவறே செய்யவில்லை என்று வாதாட மாட்டேன். ஒரே குடும்பம் ஐந்து குழுக்களின் பட்டியலில் இருந்தது. ஒரு குழு வடக்கு வாசலுக்குப் போகச் சொல்லும், இன்னொன்று வீட்டிலேயே இரு என்னும். பூட்டில்லாத விரிதாளில் பெயரும் முகவரியும் சுற்றின. தாலிபான் கையில் அது கிடைத்தால் என்ன ஆகும் என்று எதிரணி கேட்பது நியாயம்தான். ஆனால் 2021 செப்டம்பரில் 245 ஆப்கானியரின் மின்னஞ்சல் முகவரிகளை, எல்லாருக்கும் தெரியும்படி ஒரே கடிதத்தில் போட்டு அனுப்பியது யார்? பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம்! அதற்கு 3,50,000 பவுண்டு அபராதம் விழுந்ததும் அதே அமைச்சகத்துக்குத்தான்.

விமானங்கள் நின்றதோடு வேலையும் நின்றதா? தூதரகம் மூடியதால் நேர்காணலுக்கு வேறு நாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும், அந்த நாட்டு விசா வேண்டும். காத்திருக்கும்போது குழந்தை பிறந்தால் அதையும் கோப்பில் சேர்த்து, அதற்கும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குடும்பமே நிற்கும். அதற்குள் மருத்துவப் பரிசோதனை காலாவதியாகும். எது எந்தத் தேதியில் முடிகிறது என்று நாட்காட்டி போட்டுக் காத்துக்கிடந்தவர் யார்?

மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. அந்த விமானக் கேள்வி ஒன்றுதான் பாக்கி. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் செலவில் அழைத்துவரும் பயணங்களை நிறுத்தியது. விசா கையில் இருந்தும் போக வழியின்றி நின்றவர்களுக்குச் சாதாரணப் பயணிகள் விமானத்தில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது ‘நோ ஒன் லெஃப்ட் பிஹைண்ட்’ போன்ற தன்னார்வ அமைப்புகள்தான். எங்களிடம் விமானம் இல்லை, நடுவர் அவர்களே. டிக்கெட்டுக்குக் காசு திரட்டினோம்.