ஓடிக்கொண்டே மேப் படிப்பது எப்படி? புதுச்சேரி, கடலூரில் ஓரியன்டியரிங் பயிற்சி

[காட்சி: அதிகாலை, ஒயிட் டவுன். கையில் மேப்போடு இருவர் ஓடுகிறார்கள்.]

குரல்: ஓரியன்டியரிங் என்ற ஓட்டப் போட்டியில், மேப்பில் குறித்த கன்ட்ரோல்களை, அதாவது போய்ச் சேர வேண்டிய இடங்களை, வரிசை மாறாமல் தொட வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது உங்கள் இஷ்டம். நின்று நின்று மேப் பார்த்தால் நேரம் போகும், பார்க்காமல் ஓடினால் வழி தப்பும். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதற்குத்தான் பயிற்சி.

ஒயிட் டவுன் இதற்கு நல்ல இடம். தெருக்கள் கட்டம் கட்டமாக, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு முனை முன்னதாகவே திரும்பிவிட்டால்கூடச் சட்டென்று தெரியாது.

[திரையில்: கையில் மேப், அதன்மேல் கட்டைவிரல்.]

முதலில் மேப்பைத் திருப்பப் பழகுங்கள். மேப்பின் வடக்கு எப்போதும் நிஜ வடக்கையே பார்க்க வேண்டும். எழுத்து தலைகீழாகத் தெரிந்தால் தெரியட்டும். நீங்கள் இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வையுங்கள். நகர நகர அதுவும் நகர வேண்டும். கூட ஓடுபவர் திடீர் திடீரென்று "இப்ப எங்க இருக்கோம்?" என்று கேட்கட்டும். விரல் சரியான இடத்தில் இல்லையா? முந்தைய முனைக்குத் திரும்பிப் போங்கள்.

[திரையில்: மதிலில் ஒட்டிய சின்ன மேப் துண்டு.]

அடுத்தது நினைவுப் பயிற்சி. எனக்குப் பிடித்தது இதுதான். மேப்பைக் கையில் தராமல், ஒவ்வொரு கன்ட்ரோலிலும் அடுத்த இடத்துக்கான துண்டை மட்டும் ஒட்டிவையுங்கள். பத்து வினாடி பார்த்துவிட்டு வெறுங்கையோடு ஓட வேண்டும். புதியவர்கள் தெருப் பெயரைத் தேடுவார்கள்; ஊருக்குள் ஓடும் குறுந்தூரப் போட்டிக்கான ஸ்பிரின்ட் மேப்பில் பெயரே இருக்காது. கன்ட்ரோலில் தொடங்கிப் பின்னோக்கிப் பாருங்கள். கன்ட்ரோல் மதில் மூலையில். அதற்கு முன்னால், தவறவே விடமுடியாத அடையாளம் எது? பெரிய வாய்க்கால். அதுதான் உங்கள் அட்டாக் பாயின்ட். அதுவரை வேகமாக ஓடலாம், அப்புறம் நிதானம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தடித்த கறுப்புக் கோடு என்றால் தாண்டக் கூடாத மதில். தாண்டினால் போட்டியிலிருந்து வெளியே.

[காட்சி: கடலூர்ப் பக்கம், சவுக்குத் தோப்பு.]

தெரு சரி, தோப்பில்? முதலில் நிறங்கள். ஓரியன்டியரிங் மேப்பில் வெள்ளை என்பது வெட்டவெளி இல்லை, தடையின்றி ஓடக்கூடிய காடு. வெட்டவெளிக்கு மஞ்சள். பச்சை அடர அடர உள்ளே நுழைவது கஷ்டம்.

வரிசையாக நட்ட சவுக்கில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே காட்சி. இங்கே காம்பஸும் காலடிக் கணக்கும்தான் துணை. 100 மீட்டரை அளந்து, இடது கால் எத்தனை தடவை பதிகிறது என்று எண்ணுங்கள். தார்ச்சாலையில் ஒரு தடவை, தோப்பில் ஒரு தடவை, தேவனாம்பட்டினம் மணலில் ஒரு தடவை. மூன்றும் ஒன்றாக இருக்காது.

[திரையில்: தோப்பிலிருந்து கடற்கரைக்கு அம்புக்குறி.]

கரையில் நிற்கும் ஒரு படகுதான் கன்ட்ரோல் என்று வையுங்கள். நேராக அதையே குறிவைத்து, அது கண்ணில் படாமல் கரைக்கு வந்துவிட்டால், இடமா வலமா என்று குழம்புவீர்கள். வேண்டுமென்றே கொஞ்சம் தெற்கே குறிவையுங்கள். கடலைப் பார்த்ததும் யோசிக்காமல் இடப்பக்கம் திரும்பலாம்.

மேப்புக்கு எங்கே போவது? ஓப்பன்ஓரியன்டியரிங் மேப்பர் என்ற இலவச மென்பொருளில் நீங்களே வரையலாம். தெருவுக்கு 1:4,000 அளவு, அதாவது மேப்பில் 1 செ.மீ. என்றால் தரையில் 40 மீட்டர். தோப்பில் ஓடும்முன் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.