இது எங்கிருந்து வந்தது?

வானொலி நேயர்களுக்கும், குறிப்பாக இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும் என் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தமிழ்நாட்டு மாணவர்கள் எல்லோரும் ஆவலோடு தேடும் செய்தி ஒன்று உண்டு. நாளை பள்ளிக்கு விடுமுறையா, இல்லையா? இரவு நேரத்தில் வகுப்புக் குழுவுக்கு ஒரு நியூஸ் கார்டு வந்து சேர்கிறது. அதில் தெரிந்த ஒரு தொலைக்காட்சியின் சின்னம் இருக்கிறது. கனமழை காரணமாகப் பள்ளிகளுக்கு நாளை விடுமுறை என்று மாவட்ட ஆட்சியர் அறிவித்திருப்பதாகப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. மறுநாள் காலையில் பள்ளி வழக்கம்போல் திறந்திருக்கிறது. அந்தக் கார்டை எடுத்து ஆராய்ந்தால், பல நேரங்களில் அது யாரும் போலியாகத் தயாரித்தது அல்ல என்பது தெரியவரும். அந்தத் தொலைக்காட்சி உண்மையாகவே வெளியிட்ட கார்டுதான். ஆனால் வெளியிட்டது சென்ற ஆண்டில், அல்லது வேறொரு மாவட்டத்துக்கு. தேதி இருக்கும் ஓரம் வெட்டப்பட்டிருக்கும், அல்லது அதை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஊடகக் கல்வி என்றதும் பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் பெரும்பாலும் பேசத் தொடங்குகிறோம். படத்தை உற்றுப் பார், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார், நம்பும்படி இருக்கிறதா என்று யோசி என்கிறோம். இந்த அறிவுரைகள் ஓரளவுக்கே பயன்படும் என்பது என் கருத்து. ஒரு செய்தி உண்மையா, பொய்யா என்ற கேள்வி இரண்டாவதாக வரவேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, இது எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, முதலில் சொன்னவர் யார் என்பதுதான். ஏனென்றால், பெருந்தீங்கு விளைவித்த பல வதந்திகளில் இருந்த படங்கள் உண்மையான படங்களே. அவற்றின் ஊரும் நாளும்தான் மாற்றப்பட்டிருந்தன.

2018ஆம் ஆண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் ஒரு காணொளி பரவியது. தெருவில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவரில் ஒருவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொள்ள, வண்டி பறந்துவிடுகிறது. பிள்ளை பிடிப்பவர்கள் நம் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்ற குறிப்போடு அது கைக்குக் கை மாறியது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகள் பாதுகாப்புக்காகப் பணியாற்றும் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில், அந்த இருவரும் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, கராச்சியின் தெருக்களில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். பெற்றோரை எச்சரிக்க எடுத்த படம், அந்த ஒரு வெட்டினால், முன்பின் தெரியாதவர்களை அடிக்கத் தூண்டும் படமாக மாறியது.

அதே ஆண்டு மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. அவர்களோடு இருந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வதந்திகளால் ஏற்கெனவே பீதியில் இருந்த மக்கள் அவர்களைச் சூழ்ந்து தாக்கினார்கள். அந்த மூதாட்டி இறந்துவிட்டார். ஜூலை முதல் நாள் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் இதேபோல் கொல்லப்பட்டனர். தாக்கியவர்களில் பலர் வேறு நாட்களில் யாரையும் கைநீட்டாதவர்களாக இருந்திருக்கக்கூடும். ஒரு காணொளியை, ஒரு குரல்பதிவை அனுப்பிய எத்தனையோ பேர், நல்லது செய்கிறோம், பக்கத்து வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பியே அனுப்பினார்கள். மாணவர்களே, இதை நீங்கள் மறக்கக்கூடாது என்று விரும்புகிறேன். வதந்தியைப் பரப்புவோர் எல்லோரும் தீயவர்கள் அல்லர். அக்கறை உள்ளவர்களின் கைகளில்தான் அது வேகமாகப் பயணம் செய்கிறது.

அந்தக் கொலைகளுக்குப் பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்ற வரம்பை வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கொண்டுவந்தது. 2020இல், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. அத்தகைய செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பலர் அனுப்பியிருக்கிறார்கள், ஆகவே உண்மையாக இருக்கும் என்று சிலர் அதைப் புரிந்துகொள்கிறார்கள். அந்தக் குறி சொல்வது வேறு: உங்களுக்கு அனுப்பியவர் இதை எழுதவில்லை, அவருக்கு அனுப்பியவரும் எழுதவில்லை, எழுதியவர் யாரென்று இந்தச் சங்கிலியில் எவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

நம் மாநிலம் நேரடியாகப் பாதிக்கப்பட்ட இன்னொரு நிகழ்வு 2023 மார்ச் மாதத்தில் நடந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று வட மாநிலங்களில் காணொளிகள் பரவின. பரவிய காணொளிகளில் இரண்டைப் பற்றித் தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் அப்போதே விளக்கினார். இரண்டும் திருப்பூரிலும் கோவையிலும் முன்பு நடந்த சம்பவங்கள். ஒன்றில் மோதிக்கொண்டவர்கள் பீகார் தொழிலாளர்களின் இரு பிரிவினர், மற்றொன்றில் உள்ளூர்க்காரர்கள் இருவர். இரண்டிலுமே தமிழருக்கும் வடமாநிலத் தொழிலாளருக்கும் இடையே மோதல் இல்லை. ஆனால் விளக்கம் வெளிவருவதற்குள் அச்சம் ஊர்களைத் தாண்டிச் சென்றுவிட்டது. பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவையே இங்கு அனுப்பியது. காவல்துறையினர் தொழிலாளர்கள் தங்கியிருந்த இடங்களுக்குச் சென்று, அவர்கள் மொழியிலேயே தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. கேமரா பதிவு செய்தது உண்மை; அதன்மேல் எழுதப்பட்ட இரண்டு வரிகள் பொய். ஆகவேதான், காணொளியே இருக்கிறதே என்பது சான்றாகிவிடாது. அது எந்த ஊரில், எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பது தெரிந்தால்தான் அது சான்று.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு மாணவர் என்ன செய்யலாம்? ஒரு படத்தைச் சேமித்து, கூகுள் லென்ஸ் போன்ற படத்தேடல் வசதியில் இட்டால், அதே படம் இதற்கு முன்பு எங்கெல்லாம் வெளியானது என்பதை அது காட்டும். காணொளி என்றால், முக்கியமான ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடலாம். நேற்று நடந்ததாகச் சொல்லப்படும் வெள்ளம் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாளிதழில் வந்திருந்தால், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். படத்தில் உள்ள கடைப் பலகையின் மொழி, பேருந்தின் நிறம், வாகனப் பதிவு எண்ணின் முதல் இரண்டு எழுத்துகள் ஆகியவையும் ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

படமே இல்லாத செய்திகளும் உண்டு. திருநள்ளாறு சனீஸ்வரர் கோயிலுக்கு மேலே செல்லும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடிகள் நின்றுவிடுகின்றன, நாசா விஞ்ஞானிகள் வியக்கிறார்கள் என்ற செய்தி பல ஆண்டுகளாகத் தமிழில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த விஞ்ஞானி யார், எந்த அறிக்கையில் சொன்னார், எந்தச் செயற்கைக்கோள் என்று கேட்டால் விடை இல்லை. பள்ளி இயற்பியலே இதற்குப் போதும். தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. மறுபுறம், புவியிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே மட்டுமே இருக்க முடியும். திருநள்ளாறு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. அந்தக் கோயிலின் பெருமை தேவாரம் பாடப்பெற்ற காலத்திலிருந்து நிலைத்திருக்கிறது. அதற்கு நாசாவின் சான்றிதழ் தேவையில்லை. பக்தியோடு கேட்பவரின் நம்பிக்கையைப் பயன்படுத்தி, ஆதாரமில்லாத ஒன்றை அவர் வாயாலேயே பரப்பச் செய்வது அந்த நம்பிக்கைக்கு இழைக்கப்படும் அவமதிப்பு என்றே நினைக்கிறேன்.

ஒரு செய்தி ஓர் இணையதளத்தில் இருக்கிறது என்றால், அந்தத் தளத்தை எப்படி மதிப்பிடுவது? இதில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு மிகவும் பயனுள்ளது. வரலாற்றறிஞர்கள் 10 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் சில தளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். நன்கு படித்த வரலாற்றறிஞர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கவனமாகப் படித்தார்கள். நேர்த்தியான வடிவமைப்பு, கம்பீரமான பெயர், அடிக்குறிப்புகள் ஆகியவற்றைக் கண்டு பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ அந்தப் பக்கத்தில் தங்கவே இல்லை. உடனே வேறு ஜன்னல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள், இதை நடத்துவது யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே. கவனமாகப் படி என்றே நாம் மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். இணையத்தில், படிக்கத் தகுந்ததா என்று வெளியே விசாரித்துவிட்டுப் பிறகு கவனமாகப் படிப்பதே முறை.

அப்படி விசாரிக்கும்போது ஒரு பிழை எளிதில் நேரும். பத்து தளங்களில் ஒரே செய்தி இருக்கிறது, ஆகவே உறுதியாகிவிட்டது என்று எண்ணிவிடுவோம். அந்தப் பத்தும் ஒரே பதிவிலிருந்து படியெடுத்தவையாக இருந்தால், சான்று ஒன்றே ஒன்றுதான். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் இதை வியக்கத்தக்க தெளிவோடு பேசுகிறது. ஓர் ஒற்றரை மற்றோர் ஒற்றர் அறியாதபடி அனுப்பவேண்டும். அப்படி ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல்லும் ஒத்துப்போனால் அதை நம்பலாம் என்கிறது 589ஆம் குறள். எண்ணிக்கையைவிட, ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்லாத தன்மைதான் முக்கியம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அச்சு நாளிதழை வாசிக்கும் பழக்கமும் இந்தப் பயிற்சியின் ஒரு பகுதி. நாளிதழின் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில், மிகச் சிறிய எழுத்தில், அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்களும் முகவரியும் இருக்கும். 1867ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. செய்தி தவறானால் யாரைக் கேட்பது என்பதற்கான விடை அந்த வரியில் இருக்கிறது. நாளிதழ்களும் தவறு செய்கின்றன, சாய்வோடும் எழுதுகின்றன. ஆயினும் பொறுப்பேற்க ஒரு பெயர் இருப்பதும் இல்லாமலிருப்பதும் ஒன்றல்ல. அதே நாளிதழில் செய்தி எது, தலையங்கம் எது, செய்தியைப் போல வடிவமைக்கப்பட்ட விளம்பரம் எது என்று பிரித்தறியவும் பழக வேண்டும். மூலையில் விளம்பரம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பெரும்பாலோர் அதைப் பார்ப்பதில்லை.

உதவித்தொகை, இலவச மடிக்கணினி என்று உங்களைக் குறிவைத்து வரும் இணைப்புகளைப் பற்றி ஒரு சொல். அரசுத் திட்டம் என்றால், பெரும்பாலும் அதன் முகவரி ஜிஓவி டாட் இன் அல்லது என்ஐசி டாட் இன் என்று முடியும். திட்டத்தின் பெயரைத் தனியே தேடி, துறையின் தளத்துக்கு நீங்களாகவே செல்லுங்கள். அனுப்பப்பட்ட இணைப்பைத் தொட வேண்டாம். பணம் இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இவையெல்லாம் பயனற்றுப்போயின என்று சிலர் கவலைப்படுகிறார்கள். படத்தில் விரல்களை எண்ணிப் பார்த்துப் போலியைக் கண்டுபிடித்த காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்பது உண்மையே. மறைந்த தலைவர்களின் குரலையும் முகத்தையும் நம்பும்படி உருவாக்கிக் காட்டுவதைத் தமிழகத்தின் மேடைகளிலேயே பார்த்துவிட்டோம். கண்ணாலும் காதாலும் பிரித்தறிய முடியாத நிலை வரும்போது, முதலில் வெளியிட்டவர் யார் என்ற கேள்வியின் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

அப்படியானால் எதையும் நம்பாமல் இருப்பதே பாதுகாப்பு என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், ஏற்காதீர்கள். எதையும் நம்பாதவர், புயல் கரையைக் கடக்கப்போகிறது என்று வானிலை ஆய்வு மையம் விடுக்கும் எச்சரிக்கையையும் நம்பமாட்டார். பிறகு தமக்குப் பிடித்ததை மட்டும் நம்பத் தொடங்குவார். நம்பத் தகுந்தவர்களைத் தேடி அடையாளம் காண்பதற்காகத்தான் இவ்வளவு விசாரணையும்.

கேரளத்தின் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 2018இல், சத்யமேவ ஜயதே என்ற பெயரில், ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்திகளை அடையாளம் காணும் வகுப்புகளை நடத்தியது. தடுப்பூசிக்கு எதிரான வதந்திகளும் நிபா காய்ச்சலைப் பற்றிய வதந்திகளும் அங்கே மக்களின் உடல்நலத்தையே பாதித்த அனுபவம் அதன் பின்னணியில் இருந்தது. நம் பள்ளிகளிலும் வாரத்தில் ஒரு பாடவேளை, அந்த வாரம் ஊரில் சுற்றிய ஒரு செய்தியை எடுத்து, அது முதலில் எங்கே தோன்றியது என்று மாணவர்களே தேடிக் கண்டுபிடிக்கும் வகுப்பாக அமையலாம். அதற்குப் புதிய பாடநூல் தேவையில்லை. ஒரு கணினியும், விடை தெரியாத கேள்விக்கு மாணவர்களோடு சேர்ந்து தேட ஆயத்தமாக இருக்கும் ஓர் ஆசிரியரும் போதும். கைப்பேசியைப் பறித்து வைப்பதை ஊடகக் கல்வி என்று கருதும் ஆசிரியர்களிடம் இதைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, வீட்டுக் குழுவைப் பற்றிப் பேச வேண்டும். தவறான செய்தியைப் பகிர்ந்தவர் உங்கள் தாத்தாவாகவோ அத்தையாகவோ இருக்கலாம். எல்லோர் முன்னிலையிலும், இது பொய், இதுகூடத் தெரியாதா என்று எழுதினால், அவர் செய்தியை விட்டுவிட்டுத் தம் மதிப்பைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார். அவரைத் தனியே அழைத்து, நீங்கள் கண்டுபிடித்த பழைய செய்தியைத் தேதியோடு காட்டுங்கள். எப்படித் தேடினீர்கள் என்பதையும் அவர் கைப்பேசியிலேயே செய்து காட்டுங்கள். திருத்தத்தைக் குழுவில் அவரே போடட்டும். தவறாக அனுப்பியது நீங்களாக இருந்தால், செய்தியை அழித்துவிட்டு அமைதியாகிவிடாதீர்கள். அதற்குள் படித்தவர்கள் படித்திருப்பார்கள், சிலர் வேறு குழுக்களுக்கும் அனுப்பியிருப்பார்கள். எந்தெந்தக் குழுக்களுக்கு அனுப்பினீர்களோ, அந்த ஒவ்வொரு குழுவிலும், முன்பு அனுப்பியது தவறு, சரியான தகவல் இது, கிடைத்த இடம் இது என்று எழுதி, மேலும் அனுப்பியவர்களும் தத்தம் குழுக்களில் இதைச் சொல்லிவிடுமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.